மருந்து வாசனை

ஏரிக்கரையில் முதலில் டீச்சரின் கண்ணில் பட்டது செத்த மீன்தான். வெள்ளம் வந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. நாலைந்து நாளாகக் கோழி, கட்டில், கதவு என்று எல்லாமே மிதந்து வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் இந்த மீனுக்குப் பக்கத்தில் இன்னொன்று, சாகாமல், தண்ணீரின் மேல்மட்டத்திலேயே சுற்றிச் சுற்றித் துள்ளியது. அதற்கு அப்பால் சின்னச் சின்ன மீன்களாகக் கரையோரம் முழுக்க வெள்ளை வயிறுகள். இரண்டு தவளைகள் மல்லாந்து கிடந்தன.

அப்புறம்தான் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாள். பால் சிந்தினாற்போல ஒரு வெளுப்பு கரையோரமாக நெளிந்து வந்து, பம்பின் உறிஞ்சு குழாய் முங்கியிருந்த இடத்தில் சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மெக்கானிக்! பம்பை நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க!"

டீசல் பம்பு போட்ட சத்தத்தில் மெக்கானிக்குக் காது கேட்கவில்லை. அவளே ஓடிப்போய் நெம்புகோலை இழுத்து அணைத்தாள். திடீரென்று விழுந்த அமைதியில் அவர் தேநீர்க் கோப்பையோடு எழுந்து வந்தார்.

"என்னாச்சு டீச்சர்? டேங்க் இன்னும் ரொம்பலையே."

அவள் கையை நீட்டினாள். ஏரியின் வளைவில், நாணலுக்கு நடுவே, ஒரு நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய் தலையை மட்டும் காட்டிக்கொண்டு ஆடியது. மெக்கானிக் நீண்ட கழியால் அதைக் கரைக்கு இழுத்தார். மூடியருகே வெடிப்பு. மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்தாற்போல ஒரு நெடி மூக்கில் அறைந்தது. பாதி கிழிந்த காகிதத்தில் மண்டை ஓட்டுப் படம். கீழே எழுதியிருந்த பெயரை டீச்சர் படித்தாள். பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்து. ஏரியின் மேல்கரையில் இருந்த உரக்கிடங்கின் சுவர் ராத்திரி இடிந்து விழுந்ததை அவர்கள் யாரும் அறிந்திருக்கவில்லை.

டீச்சர் என்பது பழைய வேலையால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு விடுமுறையில் இந்தத் தண்ணீர்க் குழுவோடு நிவாரண வேலைக்குப் போனாள். அதோடு சரி, கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. வெள்ளமோ நிலநடுக்கமோ, எங்கே குழாய்களும் கிணறுகளும் கெட்டுப்போயினவோ அங்கே குழு போய் இறங்கும். கிடைக்கிற நீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து, லாரியில் ஏற்றி அனுப்பும். கிருமியைக் கொல்ல அது போதும். பூச்சிமருந்தை அது ஒன்றும் செய்யாது.

"புயல் லாரியை எடுத்துக்கிட்டு எப்ப கிளம்பினான்?"

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே. நூல் மில் முகாமுக்கு." மெக்கானிக்கின் முகம் செத்துவிட்டது. "ராத்திரி பூரா நாந்தான் டீச்சர் பம்பு ஓட்டினேன். இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியல. டீசல் நாத்தத்துல எதுவும் மூக்குக்கு எட்டல."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? நாந்தானே பார்த்து அனுப்பினேன்."

உண்மைதான். லாரி நிரம்பியதும் டார்ச் வெளிச்சத்தில் அவள்தான் சோதித்தாள். குளோரின் சரியாக இருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. அவளிடம் இருந்த கருவிகளுக்கு அந்த இரண்டைத்தான் பார்க்கத் தெரியும்.

புயல் அவளுடைய கொழுந்தன், கணவனின் ஒரே தம்பி. லாரியை ஆமை வேகத்தில் ஓட்டுவதால் குழுவில் வைத்த பட்டப்பெயர் அது. "புயல் கரையைக் கடந்துடுச்சா?" என்று யாராவது கேட்டால், "இன்னும் நடுக்கடல்லயே மையம் கொண்டிருக்கு" என்று அவனே பதில் சொல்வான். வேலையில்லாமல் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தவனை மாமியார்தான் அவளோடு சேர்த்து அனுப்பினார். "உன்ன நம்பித்தாம்மா அனுப்புறேன், அவன் ஒரு விளையாட்டுப் பிள்ளை" என்று சொல்லி அனுப்பினார். அவனுக்கு ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும், குழாயைத் திறப்பதற்கு முன் எல்லோரும் பார்க்க முதல் தம்ளரை அவன் மடமடவென்று குடித்துக் காட்டுவான். நம்பிக்கை வருமாம்.

அதை நினைத்ததும் டீச்சர் மெக்கானிக்கின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள்.

கைபேசிக் கோபுரங்கள் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டிருந்தன. குழுவின் வாக்கிடாக்கி நடுவில் இருந்த குன்றைத் தாண்டிப் பேசாது. லாரி சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆனால் பழைய நூல் மில்லுக்கு ரயில் பாதை நேராகப் போகிறது. அந்தக் கரைமேல் மோட்டார் சைக்கிள் போகும்.

"நடுவுல கரை அடிச்சுட்டுப் போயிருக்கு டீச்சர். தண்டவாளம் அந்தரத்துல தொங்குது."

"தெரியும். அது வரைக்கும் கொண்டு விடுங்க. அப்புறம் நீங்க திரும்பி நேரா மருத்துவ முகாமுக்குப் போங்க. டாக்டர்கிட்ட இந்த மருந்தோட பேரைச் சொல்லுங்க. மில்லுக்கு வர்ற ரோட்டுல ஜீப்பை எடுத்துக்கிட்டு எதிர்ல வரச் சொல்லுங்க."

பீப்பாயில் ஒட்டியிருந்த காகிதத்தை அவர் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் கிளம்பினார்கள்.

கரைமேல் ஜல்லிக்கற்களில் வண்டி குதித்துக் குதித்துப் போயிற்று. இரண்டு பக்கமும் செம்மண் நிறத் தண்ணீர். மின்கம்பங்களின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. டீச்சர் வாய்க்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அவன் மெதுவாகத்தான் போவான். சாலையில் மரம் விழுந்திருக்கும். எங்கேயாவது நிறுத்தி டீ கேட்டிருப்பான். கடவுளே, இன்றைக்கு மட்டும் அவன் வழக்கம்போல் இருக்கட்டும்.

உடைப்பு வந்தது. கரையைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போன இடத்தில் இரண்டு தண்டவாளங்களும் கட்டைகளோடு ஏணி மாதிரி தொங்கின. கீழே வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடியது. மெக்கானிக் வண்டியை நிறுத்தினார்.

"நான் வேணா போறேன் டீச்சர்."

"உங்க உடம்பைத் தாங்காது அது. நீங்க டாக்டரைப் பிடிங்க, போங்க."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முதல் கட்டையில் கால் வைத்தாள். நின்று போகலாம் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது கட்டையிலேயே பாதை மொத்தமும் தொட்டில் போல ஆடியது. உட்கார்ந்துவிட்டாள். பிறகு குழந்தை மாதிரி நாலு காலில் தவழ்ந்தாள். கட்டைகளின் நடுவே தெரிந்த தண்ணீரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். கையை அடுத்து எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டுமே, எப்படிப் பார்க்காமல் இருப்பது? பாதி தூரத்தில் ஒரு கட்டை அவள் முழங்காலுக்குக் கீழேயே கழன்று விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டு கைகளாலும் தண்டவாளத்தை அணைத்துக்கொண்டு அப்படியே படுத்துக் கிடந்தாள். இரும்பு சில்லென்று கன்னத்தில் பட்டது. தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டும் புயலின் முகம் வந்தது. மறுபடி தவழ்ந்தாள்.

அக்கரையில் கால் பட்டதும் ஓடினாள்.

மில் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் அதன் தொழிலாளர்கள் பக்கத்து வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்டிருந்தார்கள். இப்போது வீடுகள் முழுக்கச் சேறு. மில்லின் மாடியிலும் பஞ்சுக் கிடங்கிலும் குடும்பங்கள் புடவைகளைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருந்தன. முன்வாசலில் குழு வைத்த பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது. இரண்டு நாளாக லாரி வராத இடம்.

லாரி வந்திருந்தது. குழாய்கள் திறந்திருந்தன.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க! கீழ ஊத்துங்க!"

ஓடி வந்த மூச்சில் அவள் குரல் கீச்சென்று வெளியே வந்தது. சேறு அப்பிய கால்கள், கிழிந்த முழங்கை, அவிழ்ந்த கூந்தல். வரிசையில் நின்றவர்கள் அவளை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் நேராகப் போய் ஒவ்வொரு குழாயாக மூடினாள். கடைசிக் குழாயின் கீழ் இருந்த குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள்.

குடத்துக்குரியவள் வீறிட்டாள். "அடிப்பாவி! என்ன பண்றே?"

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தையல்காரம்மா முன்னால் வந்தாள். அந்த வரிசை வீடுகளில் அவளைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையாது. முகாமில் யாருக்கு எந்த மூலை, யார் எப்போது தண்ணீர் பிடிப்பது, எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். வாய் நிறைய ஊசியைக் கவ்விக்கொண்டே சண்டை போடப் பழகியவள் என்று மில்லில் சொல்வார்கள்.

"டீச்சரம்மா, என்ன இது? ரெண்டு நாளா நாக்கு வறண்டு கிடக்கோம். பிள்ளைங்கல்லாம் மழைத் தண்ணியை நக்குதுங்க. இப்ப வந்து குடிக்காதேங்கறீங்க?"

"தண்ணியில பூச்சிமருந்து கலந்துடுச்சு. ஏரியில பீப்பாய் உடைஞ்சு கொட்டியிருக்கு. இப்பத்தான் பார்த்தேன். தயவு செஞ்சு எல்லாத்தையும் கொட்டுங்க."

"மருந்து வாசனை வரத்தான் செய்யுது. நீங்கதானே சொன்னீங்க? போன தடவை இதே இடத்துல நின்னு சொன்னீங்க. 'மருந்து வாசனை வந்தா பயப்படாதீங்க, அதுதான் நல்ல தண்ணிக்கு அடையாளம், வாசனை இல்லாத தண்ணியைத் தொடாதீங்க'ன்னு. மூக்கைப் பொத்திக்கிட்ட எம் மருமவ தலையில ஒண்ணு வெச்சு நாந்தான் குடிக்க வெச்சேன்!"

ஆமாம், சொன்னாள். எல்லா ஊரிலும் அதைத்தான் சொல்கிறாள்.

"அது வேற மருந்து. இது விஷம்."

"எல்லாம் கதை!" வரிசையிலிருந்து ஒரு முரட்டு ஆள் வந்தான். பழைய மில் லாரி டிரைவர். "அந்தப் பக்கம் கலெக்டர் ஆபீஸ் முகாமுக்குத் தண்ணி பத்தலையாம், அதுக்கு எடுத்துக்கிட்டுப் போகப் பாக்கறாங்க. நமக்கே தண்ணி காட்டுறாங்க!"

"ஆமா! ஆமா!" என்று பின்னால் குரல்கள் எழுந்தன. யாரோ ஒருத்தி மறுபடி குழாயைத் திறந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். முரட்டு ஆள் டீச்சரின் தோளில் கை வைத்துத் தள்ளினான். சேற்றில் விழுந்தாள். எழுந்து, தொட்டியில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் விரித்துக் குழாய்களை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் எத்தனை பேரை அப்படி மறைக்க முடியும்? பக்கவாட்டில் குடங்கள் நுழைந்துகொண்டிருந்தன.

"அண்ணி."

லாரியின் படியில் புயல் உட்கார்ந்திருந்தான். அவனை இதுவரை பார்க்காமலே இருந்துவிட்டாள். சட்டை தொப்பலாக நனைந்து உடம்பில் ஒட்டியிருந்தது. மழை இல்லை. வியர்வை.

"அண்ணி, நீங்க எப்படி இங்க? நான் இன்னிக்கு... ரொம்ப வேகமா வந்தேன். பாவம், தாகத்துல இருப்பாங்கன்னு..." வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினான். கை வேறெங்கோ போயிற்று. "ஜலதோஷமா... என்னன்னு தெரியல. மூக்கா ஊத்துது. கண்ணு மங்குது."

அவள் அருகே ஓடி அவன் கண் இமையை விலக்கிப் பார்த்தாள். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"எவ்வளவு குடிச்சே?"

"வழக்கமான தம்ளர்தான். அப்புறம் ஒரு தாத்தா நம்பமாட்டேன்னாரு... அதனால இன்னொண்ணு."

குளோரின் வாசனைக்குப் பழகிய மூக்கு இதையும் அதுவென்றே நினைத்திருக்கும். அவனை இப்போது மண்ணில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயைத் துடைத்து, மூச்சைப் பார்க்க வேண்டும். அதுதான் முதல் வேலை. அவளுக்கு அது தெரியும். ஆனால் பின்னால் குழாய்களிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் புயலின் அக்குளில் கை கொடுத்து எழுப்பி, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பினாள். அவன் தலை ஆடியது. முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"பாருங்க! எல்லாரும் இவனைப் பாருங்க! உங்களுக்கு முன்னாடி குடிச்சவன் இவன்தானே? இவன் எங்க வீட்டுப் பிள்ளை. என் கொழுந்தன். இவனைக் கொன்னுட்டா உங்க தண்ணியைத் திருடப்போறேன்? பாருங்க இவன் வாயை! இவன் கண்ணைப் பாருங்க!"

அந்த நேரம் பார்த்து அவனுக்கு வாந்தி வந்தது. அவள் கை மேலேயே எடுத்தான். முதுகுத் தசைகள் தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிப்பதை அவள் உணர்ந்தாள். அப்போதும் அவனைத் தாழ்த்தாமல், எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரியும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் குடம் கவிழ்ந்தது. பிறகு இரண்டாவது.

தையல்காரம்மா தொண்டை கிழியக் கத்தினாள். "கொட்டுங்கடி! கொட்டித் தொலைங்க! மேல யாராரு கொண்டு போனீங்க? ஏய், மாடிக்கு ஓடுங்க!" அவளே ஒரு இரும்புக் கம்பியை எடுத்து, மாடிப்படியின் கைப்பிடியில் மடார் மடாரென்று அடித்துக்கொண்டு ஏறினாள். "யாரும் வாயில வைக்காதீங்க! பால்புட்டியில கலந்திருந்தா கொட்டுங்க! அடுப்புல உலை வெச்சிருந்தா இறக்குங்க! காய்ச்சினாலும் போகாதாம்!" காய்ச்சினாலும் போகாது என்று டீச்சர் சொல்லவே இல்லை. ஆனால் அது சரிதான்.

பஞ்சுக் கிடங்கின் மூலையில் ஒரு தாய், சத்தம் கேட்டதும், குழந்தையின் உதட்டிலிருந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டாளாம். அதைப் பிறகு அவளே சொல்லிச் சொல்லி அழுதாள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதலில் பிடித்தவர்களில் சிலர் குடித்திருந்தார்கள். நம்பமாட்டேன் என்று சொன்ன தாத்தா, தையல்காரம்மாவின் மருமகள், பாவாடை கட்டிய ஒரு சிறுமி. சிறுமி வயிற்றைப் பிசைகிறது என்று அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

"குடிச்சவங்க எல்லாரையும் லாரியில ஏத்துங்க. வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க யாரு?"

அவளைத் தள்ளிய முரட்டு ஆள் தலையைக் குனிந்துகொண்டே வந்தான். "நான் ஓட்டுவேன்மா."

அவள் லாரிச் சாவியை அவன் கையில் வைத்தாள்.

முன் இருக்கையில் புயலின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். பின்னால் டேங்கை ஒட்டிய நடைபாதைத் தகட்டிலும் ஏணியிலும் மற்றவர்களைச் சுமந்துகொண்டு ஆட்கள் தொற்றிக்கொண்டார்கள். தையல்காரம்மா மருமகளை இறுக்கிக்கொண்டு டீச்சருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். சாலையில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. முரட்டு ஆள் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு மருத்துவ முகாமை நோக்கி ஓட்டினான்.

"பேசு. என்கிட்ட ஏதாவது பேசிக்கிட்டே வா," என்றாள் டீச்சர்.

"அம்மாகிட்ட... சொல்லாதீங்க அண்ணி."

"வேற பேசு."

"நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க." கொஞ்ச நேரம் கழித்து, "இவன் யாரு, என் வண்டியை இப்படி ஓட்டுறான்?" என்றான்.

அதற்குப் பிறகு பேசவில்லை. மூச்சு களகளவென்று சத்தமிட்டது. டீச்சர் புடவைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க நுரை வந்தது. அவள் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எதிர்ல டாக்டர் வந்துடுவாங்கல்ல?" என்றாள் தையல்காரம்மா, மருமகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே. முதல்முறையாக அவள் குரலில் அதிகாரம் இல்லை. "நாந்தானே டீச்சரம்மா அவளைக் குடிக்க வெச்சேன்."

"நான் சொன்னதாலதானே குடிக்க வெச்சீங்க."

சாலை வளைவில் ஜீப் தெரிந்தது. மெக்கானிக் அதன் வாசலில் தொங்கிக்கொண்டு இரண்டு கைகளையும் ஆட்டினார். டாக்டர் இளம்பெண். பூச்சிமருந்தின் பெயரைத் தெரிந்துகொண்டு, அதற்குச் சரியான மாற்று மருந்தோடு வந்திருந்தாள். நடுச்சாலையில், சேற்றில் மண்டியிட்டு, புயலின் கையில் முதல் ஊசியைப் போட்டாள். பிறகு இன்னொன்று. நாடியைப் பிடித்துக்கொண்டு அடுத்தது. டீச்சர் எண்ணுவதை விட்டுவிட்டாள். டாக்டர் மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிறுமிக்கும் மருமகளுக்கும் சின்ன அளவில் ஊசி. தாத்தா கடைசிவரை "எனக்கு ஒண்ணுமில்ல, அந்தத் தம்பியைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் லாரியோரம் சரிந்து உட்கார்ந்தார்.

ஊசி வேலை செய்து புயலின் வாய் உலர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று. "வறண்டுபோச்சு, நல்லது," என்றாள் டாக்டர், அவன் நாக்கைத் தொட்டுப் பார்த்து. "இனிமே மூச்சு விடுவான். ஆனா இன்னும் ஆபத்து தாண்டல. தூக்குங்க."

இரண்டு நாள் அவன் முகாம் மருத்துவமனையின் கூடாரத்தில் நினைவு தப்பியும் திரும்பியும் கிடந்தான். தாத்தாவுக்குத்தான் கடுமையாக இருந்தது, வயதான நெஞ்சு. அவரைப் பெரிய மருத்துவமனைக்குப் படகில் கொண்டுபோனார்கள். பிழைத்தார். சிறுமி மறுநாளே எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுக்குப் பாட்டுப் பாடிக் காட்டினாள். மில்லில் மிச்சம் இருந்தவர்களுக்குப் படகில் தண்ணீர்ப் பொட்டலங்கள் போயின. அளந்து அளந்து கொடுத்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் புயல் கண்ணைத் திறந்து வெகுநேரம் கூடாரத்தின் கூரையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"அண்ணி, மெக்கானிக் சொன்னாரு. என் முடியைப் பிடிச்சுத் தூக்கி ஊருக்கே காட்டினீங்களாமே."

டீச்சரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஆமா."

"அவ்வளவு பேருக்கு முன்னாடி."

"ஆமா. உன்னை முதல்ல படுக்க வெச்சிருக்கணும். வெக்கல."

அவன் யோசித்தான். "ஒரு தடவை சீவிவிட்டாவது காட்டியிருக்கலாம்ல? கல்யாணம் ஆகாத பையன்."

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது. அவன் நடுங்கும் கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். அந்த நடுக்கம் போக மாதக்கணக்காகும், அதுவரை பெரிய வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அதை அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. கைபேசிக் கோபுரம் சரியானதும் டீச்சர் செய்த முதல் போன் அதுதான். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

குழு ஏரியைக் கைவிட்டது. மேட்டில், வெள்ளம் எட்டாத உயரத்தில், பழைய கல்குவாரி ஒன்றில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. பம்பையும் தொட்டிகளையும் அங்கே ஏற்றினார்கள். நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்தார்கள். நல்ல தண்ணீர் என்று பதில் வந்த அன்று காலை டீச்சர் முதல் லாரியில் தானே ஏறி மில்லுக்குப் போனாள். ஓட்டியது அந்த முரட்டு ஆள்.

பழைய தொட்டியைக் கழுவிக் கழுவி, போதாதென்று அப்புறப்படுத்திவிட்டுப் புதியது வைத்திருந்தார்கள். அவள் லாரியின் குழாயைத் திறந்தாள். ஒருவரும் வரவில்லை. எல்லோரும் வெறும் குடங்களோடு மாடியிலும் படியிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற கண்களில் தாகம் இருந்தது. கால்கள் நகரவில்லை.

"நான் குடிச்சுக் காட்டவா?" என்றாள் டீச்சர்.

"வேணாம்." தையல்காரம்மா இறங்கி வந்தாள். மருமகள் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்தத் தம்பியும் குடிச்சுத்தான் காட்டிச்சு. குடிச்சுக் காட்டுறதுல என்ன இருக்கு? எங்களுக்கு அதெல்லாம் வேணாம்."

"அப்ப என்ன செஞ்சா நம்புவீங்க?"

"எங்கிருந்து உறிஞ்சுறீங்களோ அங்க எங்களைக் கூட்டிட்டுப் போங்க. எங்க ஆளுங்க அங்க இருக்கணும். ராவும் பகலும். முறை போட்டு இருப்போம். எங்க கண்ணு முன்னாடி ஏறுற தண்ணியைத்தான் குடிப்போம்."

மெக்கானிக் டீச்சரின் காதோரம் குனிந்தார். "அங்க பம்பு, மின்சாரம்னு ஆபத்தா இருக்கு டீச்சர். வெளியாளுங்களை விடக்கூடாதுன்னு குழுவோட விதி..."

அந்த விதியை எழுதியவர்களில் டீச்சரும் ஒருத்தி. யாராவது எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம். அவள் குழாயை மூடினாள்.

"ஏறுங்க," என்றாள். "பெரியவங்க நாலைஞ்சு பேர் வாங்க. லாரி இதே தண்ணியோட திரும்பட்டும். பார்த்துட்டு நீங்களே கொண்டு வாங்க."

தையல்காரம்மா இன்னும் சிலரோடு ஏறினாள். குவாரியை அடைந்ததும் அவள் முதலில் செய்தது, சுற்றிலும் விளிம்பிலேயே ஒரு நடை நடந்ததுதான். எங்கிருந்து தண்ணீர் வழிந்து உள்ளே வரும், மேலே என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் வீடு என்று கேள்விமேல் கேள்வி கேட்டாள். சிலவற்றுக்கு டீச்சருக்குப் பதில் தெரிந்திருந்தது. சிலவற்றுக்கு, "தெரியல, பார்க்கலாம்" என்றாள். தெரியவில்லை என்று சொன்ன போதெல்லாம் தையல்காரம்மா அவளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள்.

கடைசியில் குழாய் முங்கியிருந்த இடத்துக்கு மேலே, ஒரு பாறையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் இங்க இருக்கேன். நீங்க இந்தத் தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுங்க. எங்கிருந்து வருதுன்னு நான் பார்த்தேன்னு சொல்லுங்க."

முரட்டு ஆள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒருவன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். சேறு படிந்த வண்டியைக் கழுவ நல்ல இடம் கண்டுவிட்ட மகிழ்ச்சி அவன் முகத்தில் தெரிந்தது. வாளியை எடுத்துத் தண்ணீரில் இறங்கக் கால் வைத்தான்.

"டேய்ய்!"

குவாரிச் சுவர்கள் நாலு பக்கமும் அதைத் திருப்பிச் சொல்லின. தையல்காரம்மா பாறைமேல் எழுந்து நின்றிருந்தாள். கையில் ஒரு கல். வாளியைப் போட்டுவிட்டு அவன் வண்டியையும் மறந்து மேட்டில் ஏறி ஓடினான்.

மெக்கானிக் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பம்பைப் பார்த்துத் தலையசைத்தாள். அடுத்த லாரிக்காக அவர் அதை ஓடவிட்டார். லாரி மில்லை நோக்கி இறங்கத் தொடங்கியது.